ராத்திரி மாத்திரை

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. பாப்பா கல்யாணம் நல்லபடியாக முடிந்ததில் ரொம்ப சந்தோஷம். 2005-இல் தாம்பரம் சானடோரியம் ஆஸ்பத்திரியில் எச்.ஐ.வி. மாத்திரை வரிசையில் நின்றுகொண்டு, "இவளைப் பள்ளிக்கூடத்திலாவது சேர்ப்பேனாடா?" என்று கேட்டாயே, ஞாபகம் இருக்கிறதா? நான் பதில் சொல்லவில்லை. அன்றைக்கு எனக்கு நோயை எதிர்க்கும் சி.டி.ஃபோர் செல் எண்ணிக்கை வெறும் 94.

மாத்திரை டப்பா மாறியதிலிருந்து கனவே வருவதில்லை, ஏதாவது கோளாறா என்று எழுதியிருந்தாய். படித்துவிட்டுச் சிரித்தேன். கோளாறெல்லாம் இல்லை. கனவு காட்டியது பழைய மாத்திரையில் இருந்த எஃபாவிரென்ஸ்.

எட்டு வருஷம் போட்டேன் அதை. படுக்கப் போகும்போதுதான் போட வேண்டும். பகலில் போட்டால் பஸ் படியில் கால் நிற்காது, அப்படி ஒரு கிறுகிறுப்பு. ஒரு மாதத்தில் சரியாகிவிடும் என்றார் கவுன்சிலர். நிறையப் பேருக்கு ஆனது, எனக்குத்தான் கடைசிவரை விடவில்லை. கொழுப்புச் சாப்பாட்டுக்கு மேல் போட்டால் மருந்து ரத்தத்தில் கூடுதலாக ஏறும். அது தெரியாமல் ஒரு நாள் பரோட்டா, சால்னா, அதன் மேல் மாத்திரை. அன்றைக்கு எங்கள் மொட்டை மாடியில் மின்சார ரயில் வந்து நின்றது. செத்துப்போன எங்கள் அப்பாதான் டிக்கெட் பரிசோதகர். சட்டைப் பையிலிருந்து டப்பாவை எடுத்து நீட்டினேன். காதோரம் வைத்துக் குலுக்கிப் பார்த்துவிட்டு, "ஏறு" என்றார். இப்போது டப்பாவைக் குலுக்கினால் அவர் ஞாபகம்தான். சிலருக்குக் கனவோடு நிற்காமல் மனசே இருண்டுபோகும் என்பதால், அந்த மருந்தை நிறுத்தியது நல்லதுதான். அப்பாவைத்தான் பார்க்க முடியவில்லை.

நிறுத்தியதற்கு வேறு காரணமும் உண்டு. வைரஸ் தன் ஆர்.என்.ஏ-வை டி.என்.ஏ-வாக நகல் எடுக்கும் நொதியில் எஃபாவிரென்ஸ் போய் ஒட்டிக்கொள்ளும். ஆனால் வைரஸ் ஒரே ஓர் இடத்தில் உருமாறினாலே அந்த மருந்து தோற்றுவிடும். இப்போது தரும் டோலுடெக்ராவிர், அந்த நகல் நம் செல்லின் டி.என்.ஏ-வுக்குள் போய்ச் சேராமல் தடுக்கிறது. அதை ஏமாற்றுவது வைரஸுக்கு அவ்வளவு சுலபமில்லை. அதற்கும் முந்தைய ஸ்டாவுடின் மாத்திரைக் காலத்தில் நம் கன்னமெல்லாம் ஒட்டி, பாதத்தில் எறும்பு ஊர்ந்ததை நினைத்தால் இது ராஜ வாழ்க்கை. என்ன, எனக்கு ஆறு கிலோ ஏறிவிட்டது. பார்க்கிறவர்களெல்லாம் "என்ன சார், பூரிச்சுட்டீங்க" என்கிறார்கள். இருக்கட்டும், 2005-இல் யாராவது அப்படிச் சொல்ல மாட்டார்களா என்று ஏங்கியவன்தானே நான்!

அப்புறம், தூக்கம் வரவில்லை என்றாயே, பழைய பழக்கத்தில் இதையும் ராத்திரியில் போடுகிறாயா? எனக்கும் முதலில் அப்படித்தான் ஆனது. டாக்டரிடம் கேட்டுக் காலைக்கு மாற்றியதும் சரியானது. உனக்கு சர்க்கரை வந்திருப்பதை நமக்கு எச்.ஐ.வி. மாத்திரை தரும் ஏ.ஆர்.டி. சென்டரில் சொல்லிவிட்டாயா? சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினை டோலுடெக்ராவிர் உடம்பில் அதிகம் தேங்க வைக்கும், அதனால் நாளுக்கு 1000 மில்லிகிராமைத் தாண்ட விடமாட்டார்கள். சர்க்கரை டாக்டரிடம் மறைத்து, இவர்களிடமும் மறைத்து நடுவில் மாட்டிக்கொள்ளாதே.

நெஞ்செரிச்சலுக்கு ஜெலுசில் குடிப்பதாகவும் எழுதியிருக்கிறாய். அதோடு சேர்த்துப் போட்டால் மாத்திரை உடம்பில் சரியாகச் சேராது. மாத்திரை போட்டு இரண்டு மணி நேரம் கழித்துக் குடி. முதலில் ஜெலுசில் குடித்துவிட்டால் மாத்திரைக்கு ஆறு மணி நேரம் பொறு. எது எத்தனை மணிக்கு என்று அடுத்த கடிதத்தில் எழுது. கல்யாண போட்டோவும் வேண்டும்.

உன்
வரிசைக் கூட்டாளி