வரியைக் குறைப்பதற்கு முன் மாகாணத்தின் பங்கைக் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வற் எனப்படும் பெறுமதி சேர் வரியைப் பழையபடி 8 வீதத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்று கடந்த வாரம் இப்பகுதியில் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையில் வேளாண்மை செய்கிறவர் என்பது அவர் எழுத்திலேயே தெரிந்தது. அவருடைய கோபம் நியாயமானது. 2024 ஜனவரியில் வற் 18 வீதமானபோது, அதுவரை விலக்களிக்கப்பட்டிருந்த டீசலும் சமையல் எரிவாயுவும் அந்த வரிக்குள் வந்தன. உழவு மிசினுக்கும் வெட்டு மிசினுக்கும் ஏக்கருக்குக் கொடுக்கிற கூலியில் அந்த வரியும் சேர்ந்தே போகிறது. வற்றுக்குப் பதிவுபெற்ற வியாபாரி, பொருள் வாங்கும்போது தான் கட்டிய வற்றை, விற்கும்போது அறவிடும் வற்றிலிருந்து கழித்துக்கொள்ளலாம். நெல் விற்கிற விவசாயிக்கு அந்த வழி இல்லை.

ஆனாலும் எல்லோருக்கும் ஒரேயடியாக வரியைக் குறை என்று கேட்பதை நான் ஏற்கமாட்டேன். அதன் பலனை நாம் ஏற்கெனவே கண்டுவிட்டோம். 2019 டிசம்பரில் வற் 15 வீதத்திலிருந்து 8 ஆக இறக்கப்பட்டது. வருடத்துக்கு 12 மில்லியன் ரூபாய் விற்பனை உள்ளவர் பதிவுசெய்ய வேண்டும் என்றிருந்த எல்லை 300 மில்லியனுக்கு உயர்த்தப்பட்டது. சம்பளத்தில் கழிக்கும் வரியும் அடுத்த மாதமே நின்றது. இதில் லாபம் யாருக்கு? மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 12 வீதமளவில் இருந்த அரச வருமானம் 2021இல் 8 வீதமளவுக்கு விழுந்தது. கொரோனாவும் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் வருமானம் இப்படிச் சுருங்கிய அரசுக்குக் கடன் கொடுக்க வெளியில் ஆளில்லாமல் போனது. 2022 ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தார்கள். அதன் பிறகு பசளைக்கும் மண்ணெண்ணெய்க்கும் நாம் பட்ட பாட்டை இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

சீனியின் கதை இன்னும் தெளிவானது. 2020 ஒக்டோபரில் இறக்குமதிச் சீனிக்கான விசேட பண்ட வரி கிலோவுக்கு 50 ரூபாயிலிருந்து 25 சதமாகக் குறைக்கப்பட்டது. கடையில் விலை அதற்கேற்ப இறங்கவே இல்லை. திறைசேரிக்குப் போக வேண்டிய பணம் இறக்குமதியாளர் கைக்குப் போனது. களுவாஞ்சிக்குடிச் சந்தையில் சீனி வாங்கிய தாய்மாருக்கு அதில் ஒரு சதமும் வந்து சேரவில்லை.

நம் மக்கள் அதிகம் பேசாத ஒன்று இருக்கிறது. மாகாண சபைகளுக்கு அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் கொடுத்த முக்கியமான வரி, வியாபாரங்களின் மொத்த விற்பனைமீது அறவிடும் புரள்வு வரி. 2011இல் அது நிறுத்தப்பட்டு, பதிலாக மத்திய அரசு அறவிட்ட தேசத்தைக் கட்டியெழுப்பும் வரியில் மூன்றில் ஒரு பங்கு மாகாணங்களுக்கு என்று ஏற்பாடு செய்தார்கள். 2019 டிசம்பரில் அந்த வரியையே ஒழித்தார்கள். கொழும்பில் அது சலுகையாகப் பேசப்பட்டது. கிழக்கு மாகாணத்துக்கோ உறுதியாக வந்துகொண்டிருந்த வருமானமொன்று நின்றுபோனது. மாகாணப் பாடசாலைகள், கிராமத்து வைத்தியசாலைகள், வயல்வெளிகளை ஊடறுக்கும் மாகாண வீதிகள் எல்லாம் இன்று திறைசேரி அனுப்பும் மானியத்தையே பெரிதும் நம்பியிருக்கின்றன. கேட்டு வாங்க மாகாண சபையும் இல்லை. அதன் காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது, தேர்தல் இன்னும் நடக்கவில்லை. மட்டக்களப்பாரும் அம்பாறையாரும், தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் சேர்ந்து குரல் கொடுக்க வேண்டிய விடயம் இது.

ஆகவே அந்த வாசகரிடம் நான் வேண்டுவது இதுதான். விவசாயத்துக்கு வேண்டிய பொருட்களுக்கு மட்டும் விலக்குக் கேளுங்கள். அது நடக்கக்கூடியது. உள்நாட்டுப் பாலில் செய்யும் திரவப் பாலுக்கும் யோகட்டுக்கும் 2025 ஏப்ரலில் வற் விலக்குக் கொடுத்தார்களே, அதே வழியில் உழவுக்கும் அறுவடைக்கும் எரியும் டீசலுக்குக் கேட்கலாம். சம்பளக்காரருக்கு மாதம் 150,000 ரூபாய்வரை வரி இல்லை என்று ஆக்கியிருக்கிறார்கள். அரை ஏக்கர் வைத்திருப்பவனின் எண்ணெய்க்கும் ஒரு வரம்பு வைப்பதில் என்ன தடை?

அத்தோடு, வசூலாகும் வற் வரியில் இத்தனை வீதம் மாகாணங்களுக்கு என்று சட்டத்தில் எழுதச் சொல்லுங்கள். சுற்றறிக்கையால் வந்தது ஒரு கையெழுத்தால் போய்விடும். மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் பாராளுமன்ற உறுப்பினர்களும் அடுத்த வரவு செலவுத் திட்ட விவாதத்தில் இதை எழுப்புவார்களா என்று அறிய விரும்புகிறேன். எழுப்பினால் அவர்கள் பேச்சைத் தங்கள் பத்திரிகை முழுமையாக வெளியிட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வணிகக்கல்வி ஆசிரியர்,
களுவாஞ்சிக்குடி