விடைபெறும் மாணவர்களின் நினைவுகள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சிங்கப்பூரில் உயர்நிலை நான்கை முடித்து விடைபெறும் மாணவர்கள் பள்ளி ஆண்டுமலரில் எழுதும் நினைவுக் குறிப்புகளுள் தமிழிலும் சில பக்கங்கள் இடம்பெற வேண்டுகிறேன். 1852இல் லசால் சபைத் துறவியர் தொடங்கிய செயின்ட் ஜோசப்ஸ், 1854இல் அருட்சகோதரிகள் தொடங்கிய விக்டோரியா ஸ்திரீட் கான்வென்ட் போன்ற கத்தோலிக்கப் பள்ளிகளில் பல சமயத்தைச் சேர்ந்த தமிழ்ப் பிள்ளைகளும் படித்திருக்கிறார்கள். முன்னதன் பிராஸ் பசா சாலைக் கட்டடம் 1996இல் கலை அரும்பொருளகமானது. பின்னதன் கட்டடம் இன்று உணவகங்கள் நிறைந்த சைம்ஸ் வளாகம். அங்கு படித்த தமிழர்களின் பள்ளி வாழ்க்கையை அறிய, அவர்கள் எழுதி வைத்ததைத்தான் தேட வேண்டியுள்ளது.

இந்துக் குடும்பத்தில் வளர்ந்த என் மகள், சென்ற ஆண்டு இத்தகைய பள்ளியொன்றின் பிரியாவிடைத் திருப்பலியில் அமர்ந்திருந்தபோது, நான்காண்டுகளாகக் காலைதோறும் கேட்டுப் பழகிய செபத்தை இனிக் கேட்க முடியாதே என்று கலங்கியதை வீட்டில் தமிழில்தான் சொன்னாள். அதை அவள் எழுதியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! தேர்வு நெருக்கடியில் பெரிய கட்டுரை கேட்பது நியாயமாகாது. தமிழாசிரியர்கள் ஆளுக்கு ஒரு பத்தி கேட்டாலே போதும். தேர்ந்தெடுத்த சிலவற்றைத் தங்கள் நாளிதழும் ஆண்டிறுதியில் வெளியிடுமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு தாய், பிடோக்