மேஜையில் விழுந்த காவிப் பொடி

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து இருபது நாளாகிறது. வைத்து எழுத மேஜை இல்லை என்றால் சிரிப்பாய். அப்பாவின் தேக்கு மேஜை, நாம் இருவரும் எஸ்.எஸ்.எல்.சி.க்குப் படித்த அதே மேஜைதான், பாலிஷுக்காகத் திண்ணையில் கிடக்கிறது. மடியில் அட்டை வைத்து எழுதுகிறேன், கையெழுத்தைப் பொறுத்துக்கொள்.

பணி ஓய்வு அன்று ஆபீசில் ஒரு பூங்கொத்து தந்தார்கள். நடுவில் நாலைந்து லில்லி மொக்கு. கோத்தகிரிப் பக்கம் பசுமைக்குடிலில் வளர்க்கிறார்களே, அந்த ஜாதி. உன் தங்கச்சி அதைப் பித்தளைச் சொம்பில் வைத்து மேஜை மேல் வைத்தாள். மூன்றாம் நாள் விரிந்தது. நம் செங்காந்தளுக்கு இருப்பதுபோல ஆறு மகரந்தப்பை, தொட்டால் ஆடும். மறுநாள் காலையில் மேஜையெல்லாம் காவிப் பொடி.

ஈரத்துணியை எடுத்து ஒரே இழுப்பு இழுத்தேன். அதுதான் நான் செய்த முதல் முட்டாள்தனம். அந்தப் பொடியில் எண்ணெய்ப் பசை உண்டாம். கேரட்டுக்கு நிறம் தருகிற வகைச் சாயமும் உண்டாம். தேய்க்கத் தேய்க்க, பாலிஷ் தேய்ந்த இடத்தில் மர ரேகைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. மருமகள் ஓடி வந்து, "தொடாதீங்க மாமா" என்று செல்லோ டேப்பை விரலில் சுற்றி ஒற்றி ஒற்றி எடுத்தாள். நான் தேய்க்காத பக்கம் சுத்தமாக வந்துவிட்டது. டேப்பையும் அழுத்தி ஒட்டக் கூடாது, பழைய பாலிஷ் உரிந்துவிடும். காய்ந்த பிரஷால் மெல்லத் தட்டிவிட்டாலும் போதும்.

நான் சும்மா இருந்தேனா? கை கழுவுகிற சானிட்டைசரைப் பஞ்சில் நனைத்து மிச்சக் கறையைத் துடைத்தேன். கறை கொஞ்சம் போயிற்று, பாலிஷ் முழுசாகப் போயிற்று. ஆசாரி வந்து பார்த்து, "அரக்கை ஸ்பிரிட்டுல கரைச்சுத்தானே சார் இந்தப் பாலிஷ் போடறோம். ஸ்பிரிட் பட்டா நிக்குமா?" என்றார். பசை போக டர்பன்டைன் போதுமாம், அதையும் முதலில் மூலையில் ஒரு சொட்டு வைத்துப் பார்க்க வேண்டுமாம். இப்போது உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மறுபடி பூசுகிறார். நீ கொட்டிய மைக்கறையையும் எடுத்துவிடவா என்று கேட்டார். கூலி ஒன்றுதானாம். உன்னைக் கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறேன், என்ன சொல்கிறாய்?

வேட்டியிலும் கொஞ்சம் பட்டது. உதறிவிட்டு இரண்டு நாள் வெயிலில் போட்டேன், நன்றாக வெளுத்துவிட்டது.

இனி லில்லி வந்தால் பூ விரிந்ததும், பை வெடிக்கும் முன்பே ஆறையும் கிள்ளிவிடுவாள் மருமகள். ஆனால் உன் வீட்டுக்கு அதுவும் உதவாது. பூனைக்கு இந்தப் பூ விஷம். மேலே ஒட்டிய பொடியை நக்கினால்கூட சிறுநீரகம் கெட்டுவிடும். யாராவது கொத்து கொடுத்தால் வாசலிலேயே லில்லியைப் பிரித்து எறிந்துவிட்டு மிச்சத்தை உள்ளே கொண்டுபோ.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்