ஓடிக் கெட்டதைவிட நின்று கெட்டதே அதிகம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் தோட்டக் கருவிகள், புல்வெட்டும் இயந்திரங்கள், கையோடு தூக்கிப்போகும் விறகடுப்புகள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். எத்தனை குதிரைத் திறன் போதும், எவ்வளவு அகல பிளேடு வாங்கலாம் என்பதெல்லாம் சரியாகவே எழுதியிருக்கிறார்கள். சிறு எஞ்சின்களைப் பிரித்துப் பூட்டுவதுதான் எனக்குப் பிழைப்பு. அதனால் சும்மா படித்துவிட்டு மடித்து வைக்க முடியவில்லை.

முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். மழை வந்தால் விறகடுப்பைக் கூடாரத்துக்குள் எடுத்துவைத்து, வாசல் திரையைச் சற்றுத் திறந்துவிட்டால் போதும் என்று அதில் ஒரு வரி இருக்கிறது. போதாது. விறகு எரியும்போது கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு மணம் கிடையாது, நிறம் கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜன் போய் ஒட்டவேண்டிய இடத்தில், ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு அது ஒட்டிக்கொள்ளும். தலைவலியும் வாந்தி உணர்வும் வரும். அசதி என்று நினைத்து ஆள் படுத்துவிடுவார். சுடர் அடங்கிக் கங்கு மட்டும் கனன்றுகொண்டிருக்கும்போது புகை கண்ணுக்கே தெரியாது, வாயு மட்டும் வந்துகொண்டே இருக்கும். புகைபோக்கிக் குழாய் பொருத்தி, அதற்கென்றே தீத்தாங்கும் துளை வைத்துத் தைத்த கூடாரத்தில் எரிக்கிற அடுப்பு வேறு சங்கதி. அங்கேயும் வாயு எச்சரிக்கைக் கருவி இல்லாமல் தூங்கக்கூடாது. குழாய் இல்லாத அடுப்புக்கு இடம் வெட்டவெளிதான். தயவுசெய்து அந்த வரியைத் திருத்திப் போடுங்கள்.

அடுப்பைப் பற்றி இன்னும் கொஞ்சம். இரட்டைச் சுவர் வைத்த அடுப்பு அதிகம் புகைகிறது, ஏமாற்றிவிட்டார்கள் என்று சொல்லித் தூக்கிக்கொண்டு வருபவர்கள் பலர். என்னிடம் அடுப்புக்கு ஸ்பேனர் இல்லை. ஆனாலும் வாங்கிப் பார்ப்பேன். கோளாறு பெரும்பாலும் விறகை அடுக்கிய விதத்தில்தான் இருக்கும். அந்த அடுப்பின் உள்சுவரில் மேல் விளிம்பை ஒட்டி வரிசையாகத் துளைகள் இருக்கும். இரண்டு சுவருக்கும் நடுவில் ஏறும் காற்று சூடாகி அந்தத் துளைகள் வழியாக உள்ளே வரும். அடியிலிருந்து எழும் புகையை அங்கேயே எரித்துவிடும். நன்றாகப் பிடித்துக்கொண்டால் ஒவ்வொரு துளையிலிருந்தும் சின்னச் சின்ன நாக்காகச் சுடர் நடுவை நோக்கி நீளும், புகை அநேகமாக இருக்காது. விறகைத் துளைகளுக்கு மேலே முட்ட அடைத்தால் இந்த வேலை நின்றுபோகும். துளைக்குக் கீழேயே அடுக்கி, மேலிருந்து பற்றவைத்துப் பாருங்கள். ராக்கெட் அடுப்பு என்கிறார்களே, பக்கவாட்டு வாயில் வழியாகச் சுள்ளி ஊட்டும் அடுப்பு, 1980களில் லாரி வினியார்ஸ்கி என்ற அமெரிக்கர் வடிவமைத்தது, அதற்கும் விதி இதேதான்: காற்றுக்கு வழி விட வேண்டும். சுள்ளியின் நுனி மட்டும் எரியும்படி கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ள வேண்டும். வாயிலை அடைத்துத் திணித்தால் அது சாதாரண அடுப்பாகிவிடும்.

விறகில் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். அளக்கக் கருவி வேண்டாம். இரண்டு குச்சியை ஒன்றோடொன்று தட்டினால் காய்ந்தது கணீரென்று கேட்கும், ஈரமானது மந்தமாகக் கேட்கும். வெட்டுமுகத்தில் வெடிப்பு ஓடியிருக்கிறதா என்றும் பாருங்கள். தோட்டத்தில் கவாத்து செய்த கிளைகளை விரல் கனத்துக்கு நறுக்கி, மழை படாமல் காற்றாட அடுக்கி வைத்தாலே இந்த அடுப்புக்குப் போதும். பெயின்ட் அடித்த பலகையையும் பூச்சி அரிக்காமல் மருந்தேற்றிய மரத்தையும் எரிக்க வேண்டாம். பழைய மருந்தேற்றிய மரங்களில் ஆர்செனிக் இருக்கும்.

எரித்து முடித்ததும் சாம்பலை அப்படியே உள்ளே விட்டு அடுப்பைப் பரணில் ஏற்றிவிடுகிறார்கள். சாம்பல் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அடுத்த முறை இறக்கும்போது அடித்தகடு துரு ஏறி உதிர்கிறது. கட்டுரையில் இல்லாமல் போன விஷயம் எதுவென்றால் இதைத்தான் சொல்வேன். என் பட்டறைக்கு வருகிறவற்றில் ஓடித் தேய்ந்தவை குறைவு. ஓடாமல் நின்றே வீணானவைதான் அதிகம்.

புல்வெட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். "போன பருவத்தில் நன்றாக ஓடிற்றே, நிறுத்தி வைத்ததோடு சரி, இப்போது ஸ்டார்ட் ஆகவில்லை" என்பார்கள். டாங்க் மூடியைத் திறந்ததும் எனக்குத் தெரிந்துவிடும். புது பெட்ரோலின் வாடை வேறு. பழையது வார்னிஷ் போல மூக்கில் ஏறும். பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டரைக் கழற்றி அடிக்கிண்ணத்தைத் திறந்தால் பழுப்பு நிறத்தில் பிசின் ஒட்டியிருக்கும். பெட்ரோல் போகும் ஜெட் துளை ஊசிமுனை அளவுதான். அதில் ஒரு பொட்டு பிசின் போதும், எஞ்சின் செத்துக் கிடக்கும். எத்தனால் கலந்த பெட்ரோல் என்றால் இன்னும் மோசம். எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஈரம் அளவு மீறினால் இரண்டும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தங்கி உலோகத்தை அரிக்கும். ஒரு மாதத்துக்கு மேல் ஓட்டப்போவதில்லை என்றால் டாங்கைக் காலி செய்துவிட்டு, கார்புரேட்டரில் மிச்சமிருப்பதும் தீரும்வரை எஞ்சினை ஓடவிட்டு நிறுத்துங்கள். இதைச் சொல்வதால் என் வருமானத்தில் துண்டு விழும், பரவாயில்லை.

பிளேடை மூடியிருக்கும் அடித்தட்டும் அப்படித்தான். ஈரப்புல் அரைபட்டு உள்பக்கம் பச்சைச் சாந்தாக அப்பிக்கொள்ளும். அதைச் சுரண்டாமல் விட்டால் தகட்டை அரித்துவிடும். சுரண்டுவதற்கு முன் ஸ்பார்க் பிளக்கின் ஒயரைக் கழற்றி விலக்கி வைக்க வேண்டும். பிளேடைக் கையால் திருப்பினாலே எஞ்சின் ஒரு சுற்று உதைக்க வாய்ப்புண்டு. தள்ளும் வண்டியைச் சாய்க்கும்போது ஏர் ஃபில்டர் இருக்கும் பக்கம் மேலே வரட்டும். மாற்றிச் சாய்த்தால் எஞ்சின் ஆயில் அந்த ஏர் ஃபில்டருக்குள் இறங்கி, அடுத்த முறை வெள்ளைப் புகையாகக் கக்கும். அதற்குப் பயந்து என்னிடம் ஓடி வருவார்கள்.

உட்கார்ந்து ஓட்டும் பெரிய வண்டிக்காரர்கள் கொண்டுவரும் புகார் பெரும்பாலும் ஒன்றுதான்: ஒரு பக்கம் ஒட்ட வெட்டுகிறது, மறுபக்கம் உயரமாக விடுகிறது, அடித்தட்டு வளைந்துவிட்டது போல. நான் அடித்தட்டைத் தொடவே மாட்டேன். நான்கு டயரிலும் காற்றை அளப்பேன். பல நேரம் ஒரு பின் டயரில் காற்று இறங்கியிருக்கும். காற்றைச் சரிசெய்து சமதளத்தில் நிறுத்தினால் வளைவு தானாகக் காணாமல் போகும். அடுத்தது பிளேடு. அரம் போட்ட பிளேடின் நடுத்துளையைச் சுவரிலிருக்கும் ஆணியில் மாட்டுங்கள். எந்தப் பக்கம் தாழ்கிறதோ அந்தப் பக்கத்தில் இன்னும் கொஞ்சம் தேய்த்து, படுக்கையாக நிற்கும்வரை சரிசெய்யுங்கள். சமநிலை இல்லாத பிளேடு சுழன்றால் வண்டி முழுக்க அதிரும், பேரிங் போய்விடும். கிரைண்டரில் வைத்து நீலநிறம் ஏறும்வரை சூடாக்கினால் இரும்பின் பதம் போயிற்று.

இனி கோபத்தோடு ஒன்று. இந்த வண்டிகளின் இருக்கைக்கு அடியில் ஒரு சுவிட்ச் இருக்கும். பிளேடு சுற்றும்போது ஓட்டுபவர் எழுந்தால் எஞ்சினை நிறுத்திவிடும். மேடு பள்ளத்தில் குலுங்கும்போதெல்லாம் எஞ்சின் தடுமாறுகிறது என்று, சுவிட்ச் வேலை செய்யாதபடி அதன் ஒயரை இணைத்து முடிச்சுப் போட்டுவிடுகிறார்கள். சில மெக்கானிக்குகளே செய்து கொடுக்கிறார்கள். பிளேடின் நுனி மணிக்கு ஏறத்தாழ 300 கி.மீ. வேகத்தில் சுற்றுகிறது. கீழே ஒரு கல் கிடந்தால் அது போகும் வேகத்தை நீங்களே நினைத்துப் பாருங்கள். அமெரிக்காவில் தள்ளும் புல்வெட்டியில் கைப்பிடியை விட்ட 3 நொடிக்குள் பிளேடு நிற்க வேண்டும் என்று 1982லேயே விதி கொண்டுவந்தார்கள். யாரும் வேடிக்கைக்காக அப்படிச் செய்யவில்லை. சுவிட்ச் தடுமாறினால் புதிது போட்டுக்கொள்ளுங்கள். முடிச்சுப் போட்ட வண்டியை நான் முடிச்சை அவிழ்க்காமல் திருப்பித் தருவதில்லை. சண்டை போட்டுவிட்டுப் போனவர்களும் உண்டு.

சரிவில் ஓட்டுவது பற்றிக் கட்டுரை பொதுவாக ஜாக்கிரதை என்று விட்டுவிட்டது. உட்கார்ந்து ஓட்டும் வண்டி மேலும் கீழுமாக நேராகப் போக வேண்டும், குறுக்கே போனால் உருளும். தள்ளும் வண்டி குறுக்கே போக வேண்டும். ஏறும்போது ஆள் வழுக்கினால் வண்டி அவர் மேலேயே இறங்கும். 15 பாகைக்கு மேல் சரிவென்றால் பெரிய வண்டி வேண்டாம். மடியில் குழந்தையை வைத்து ஓட்டுபவர்களுக்கு நான் சொல்ல நினைப்பதை நீங்கள் அச்சிட மாட்டீர்கள்.

கைக்கருவிகளுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தோட்டக் கத்திரியின் அலகுக்குப் பெரும்பாலும் ஒருபக்கம் மட்டும்தான் சாய்வு. அந்தப் பக்கம் மட்டும் சாணை பிடிக்க வேண்டும். மண்வெட்டியை மண்ணோடு மூலையில் சாய்க்காமல் துடைத்து ஆணியில் மாட்டுங்கள். மரப்பிடி காய்ந்து சிலாம்பு கிளம்பினால் உப்புத்தாள் போட்டு ஆளிவிதை எண்ணெய் தடவுங்கள். ஆனால் எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் பெட்டியில் போடாதீர்கள். அந்த எண்ணெய் காற்றோடு சேர்ந்து உலரும்போது சூடு கிளப்பும். சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு தேங்கி, யாரும் நெருப்பு வைக்காமலே பற்றிக்கொள்ளும். விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் ஊற்றிய தகர டப்பாவில் மூடி வையுங்கள். கூடாரத் திருத்தத்தோடு இதையும் இரண்டு வரி சேர்த்துப் போட இடமிருந்தால் நல்லது.

இப்படிக்கு,
சிறு எஞ்சின் பழுதுபார்க்கும் வாசகர் ஒருவர்