ஒரே ஒலிவ மரம்

கர்த்தருக்குள் அன்பான மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். அப்பாவும் நானும் சுகம். நீ போனில் கேட்டதற்கு அவசரத்தில் பதில் சொல்ல மனம் வரவில்லை. தேவனுக்கு இஸ்ரவேல், சபை என்று இரண்டு ஜனங்கள், இரண்டு திட்டங்கள் உண்டென்று உன் புதுச் சபையில் போதிக்கிறார்களாம். சபையே ஆவிக்குரிய இஸ்ரவேல் என்று நம் ஊர்க் கோயிலில் கேட்டு வளர்ந்தவள் நீ. குழப்பம் வராதா?

அந்தப் போதனைக்கு இன்னும் இருநூறு வயது ஆகவில்லை. ஆங்கிலிக்கன் குருவாக இருந்து பிரிந்துபோன ஜான் நெல்சன் டார்பி 1830-களில் வகுத்தது அது. 1909-இல் வந்த ஸ்கோஃபீல்ட் வேதாகமத்தின் அடிக்குறிப்புகள் அதை ஊர் ஊராகக் கொண்டுபோயின. தானியேல் தீர்க்கதரிசி சொன்ன எழுபது வாரங்களில், வாரத்துக்கு ஏழு வருடமாக, கடைசி வாரம் இன்னும் பாக்கி, இடையில் வந்ததுதான் சபையின் காலம் என்பது அவர்கள் கணக்கு. கிறிஸ்து உலகம் அறியாமல் வரும் இரகசிய வருகையில் சபை வானத்துக்கு எடுத்துக்கொள்ளப்படும். பிறகு ஏழு வருட உபத்திரவம், எருசலேமில் மறுபடி ஆலயம், அந்திக்கிறிஸ்து, அதற்குப் பின் பூமியில் கிறிஸ்துவின் ஆயிர வருட அரசாட்சி. ஆயிர வருடத்தை எழுத்தின்படியே நம்பியவர்கள் ஆதிச் சபையிலும் உண்டு. இரண்டாம் நூற்றாண்டுப் பேராயர் ஐரேனியு அப்படித்தான் நம்பினார். பின்னால் வந்த பேராயர் அகுஸ்தீன் அதைச் சபையின் காலம் என்றே வாசித்தார். நாம் ஆராதனையில் அறிக்கையிடும் விசுவாசப் பிரமாணத்தில் இருப்பது ஒரே வருகைதான்.

பழையது என்பதால் நம் பக்கம் சுத்தம் என்று நினைத்துவிடாதே. யூதரைத் தேவன் தள்ளிவிட்டார், அந்த இடம் சபைக்கு வந்துவிட்டது என்று நூற்றாண்டுக் கணக்கில் பிரசங்கித்ததன் பலனை ஐரோப்பாவின் யூதர்கள் அனுபவித்தார்கள். 1543-இல் சபைச் சீர்திருத்தம் செய்த மார்ட்டின் லூத்தரே அவர்களுடைய ஜெப ஆலயங்களைக் கொளுத்தச் சொல்லி எழுதினார். ஹிட்லரின் நாசிக் கட்சியினர் அதைத் தேடி எடுத்துப் பயன்படுத்தினார்கள். தரங்கம்பாடிக்கு வந்த லூத்தரன் மிஷனரிகளால் தமிழில் புதிய ஏற்பாட்டைப் பெற்றவர்கள் நாம்; அதனாலேயே இதை மறைக்காமல் உனக்குச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். தேவனால் தள்ளப்பட்டவர்கள் என்று யூதரைக் காட்டக்கூடாது என்று 1965-இல் கத்தோலிக்கரின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் அறிவித்தது. எவ்வளவு தாமதம்!

ரோமர் 9 முதல் 11 வரை ஒரே மூச்சில் வாசி, மகளே. பவுல் இரண்டு மரம் நடவில்லை. ஒரே ஒலிவ மரம். அதில் நாம் காட்டு ஒலிவக் கிளைகள், ஒட்டவைக்கப்பட்டவர்கள். “நீ வேரைச் சுமக்காமல், வேர் உன்னைச் சுமக்கிறதென்று நினைத்துக்கொள்” என்கிறார். ஆகவே இரண்டு திட்டம் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அதே பவுல்தான் “இஸ்ரவேலரெல்லாரும் இரட்சிக்கப்படுவார்கள்” என்றும், தேவனுடைய அழைப்பு மாறாதது என்றும் எழுதினார். ஆகவே அவர்களைத் தள்ளிவிடவும் நமக்கு உரிமை இல்லை.

என்னை அதிகம் வருத்துவது வேறொன்று. இஸ்ரவேலை நேசிக்கிறோம் என்று சொல்லும் பல போதகர்கள், சகரியா 13-ஐக் காட்டி, உபத்திரவ காலத்தில் அந்த ஜனத்தில் மூன்றில் இரண்டு பங்கு அழியும் என்றும் போதிக்கிறார்கள். அதைச் சொல்லும்போது ஒரு பெருமூச்சுகூட வருவதில்லை. 1948-இல் இஸ்ரவேல் நாடு உருவானதே இயேசு சொன்ன அத்திமரம் துளிர்த்தது, ஒரு தலைமுறை நாற்பது வருடம் என்று கூட்டி, வருகைக்கு 1988-ஐக் குறித்தவர்களும் இருந்தார்கள். காலங்களையும் வேளைகளையும் அறிவது உங்களுக்கு அடுத்ததல்ல என்று சீஷர்களுக்கே சொல்லப்பட்டிருக்கிறதே!

பெத்லகேமிலும் காசாவிலும் தலைமுறை தலைமுறையாகக் கிறிஸ்தவர்கள் வாழ்கிறார்கள். அந்தக் காலக்கணக்கில் அவர்களுக்கு இடமே இல்லை. 2023 அக்டோபர் 7-ஆம் தேதி யூதக் குடும்பங்கள் கொல்லப்பட்டன. அதற்காக நாம் அழத்தான் வேண்டும். அதே மாதம் காசாவின் புனித பொர்பீரியு ஆலய வளாகத்தில் அடைக்கலம் புகுந்தவர்கள் குண்டுவீச்சில் இறந்தார்கள். அவர்களும் கிறிஸ்துவின் சரீரம்தானே? அவர்களுக்காக உன் சபையில் ஜெபித்தார்களா? பாஸ்டரிடம் மரியாதையாகவே கேட்டுப் பார்.

அந்தச் சபையை விட்டு வந்துவிடு என்று நான் சொல்லவில்லை. வருகைக்குக் காத்திருக்கும் ஆவல் அவர்களிடம் நம்மைவிட அதிகம். அதை நான் மதிக்கிறேன். யூதரையும் மற்றவர்களையும் கிறிஸ்து ஒன்றாக்கினார் என்று சொல்லும் எபேசியர் இரண்டாம் அதிகாரத்தையும் சேர்த்து வாசி. பாஸ்டர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுது. போனில் அப்பா நடுவில் பேசிவிடுவார்.

ஜெபத்துடன்,
அம்மா