ரொட்டவேட்டர் வேண்டாம் தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். உச்சிப்புளியில் கச்சான் காற்று இன்னும் ஓயவில்லை. ராத்திரியெல்லாம் தென்னமட்டை விழுகிற சத்தம்தான்.

டிராக்டரின் பின்னால் மாட்டி, சுழல்கிற கத்தியால் மண்ணைக் கிளறுகிற அந்த ரொட்டவேட்டருக்கு என்று நீ அனுப்பிய பணம் பாங்கில் அப்படியே இருக்கிறது. அதைச் சொன்னதும் கோபப்பட்டு போனை வைத்துவிட்டாய். சிங்கப்பூரில் கப்பல் பட்டறைச் சூட்டில் நின்று வெல்டிங் அடித்துச் சேர்த்த காசு, வேண்டாம் என்றால் மனசு வலிக்கத்தான் செய்யும். அதனால்தான் விவரமாக எழுதுகிறேன்.

நம் தோப்பில் களை என்றால் கோரைதான். அதன் கிழங்குகள் மண்ணுக்குள் சங்கிலி போலக் கோத்துக் கிடக்கும். ரொட்டவேட்டர் கத்தி அதைத் துண்டு துண்டாக நறுக்கி இறைத்துவிடும், பிறகு ஒவ்வொரு துண்டும் தனியாக முளைக்கும். பக்கத்துத் தோப்பில் இரண்டு வருஷமாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். இரும்புக் கொத்துகளை வரிசையாக வைத்து மண்ணைக் கீறுகிற கொத்துக்கலப்பை அப்படி நறுக்காது. சங்கிலியை இழுத்து மேலே போடும், மிச்சத்தை வெயில் பார்த்துக்கொள்ளும். அப்புறம், ஏற்கெனவே பொலபொலவென்று கிடக்கிற கடற்கரை மண்ணை மாவாக அரைத்து இந்தக் காற்றில் பறக்கவிட எனக்கு மனசு வரவில்லை.

கடையில் பார்த்த கலப்பைகள் நம் மினி டிராக்டருக்கு அகலமாகவும் கனமாகவும் இருந்தன. நாமே செய்துவிடலாம் என்று ஆனிமாதம் தொடங்கினேன்.

பழைய இரும்புக் கடையில் மூன்று அங்குல சதுர பைப் கிடைத்தது. மூன்றடி நீளத்தில் இரண்டு துண்டு, நடுவில் ஒன்றரை அடி இடைவெளி. முன்னால் இரண்டு கொத்து, பின்னால் மூன்று. ஒரே வரிசையில் ஐந்தையும் வைத்தால் மட்டையும் பன்னாடையும் சிக்கி, வாருகோல் மாதிரி குப்பையை இழுத்துக்கொண்டே போகும். இப்படி முன்பின்னாக வைத்தால் ஒரே வரிசையில் கொத்துக்கும் கொத்துக்கும் நடுவே ஒன்றரை அடி வழி இருக்கும், மண்ணிலோ ஒன்பது அங்குலத்துக்கு ஒரு கீறல் விழும். ஓரத்துக் கொத்து இரண்டும் சக்கரத் தடத்துக்கு நேர் பின்னால் வருகின்றன. டயர் அமுக்கிய மண்ணை அவையே கிளறிவிடும்.

கொத்துக்கு லாரியின் ஸ்பிரிங் பட்டையை வெட்டி வளைத்தோம். அங்கேதான் தப்பு செய்தேன். சாதாரண வெல்டிங் ராடு கொண்டு பட்டையை நேராக பைப்போடு வெல்டிங் வைத்துவிட்டேன். முதல் நாள் காலையிலேயே இரண்டு கொத்து, வெல்டிங்கை ஒட்டிய இடத்தில் கண்ணாடி மாதிரி படக்கென்று முறிந்தன. ஸ்பிரிங் இரும்பு சூடேறிச் சட்டென்று ஆறினால் அந்த இடம் நொறுங்கிப்போகும் என்று நீ முன்பே சொல்லியிருக்கிறாய். அப்போது அது என் காதில் ஏறவில்லை, தம்பி.

அப்புறம் பட்டையில் வெல்டிங்கே வைக்கவில்லை. பைப்பில் மட்டும் ஜோடி ஜோடியாகக் கனத் தகடு வைத்து, நடுவில் பட்டையை நுழைத்து போல்ட் போட்டேன். துளை போட டிரில் ஏறவில்லை. கொல்லர்தான் பட்டையின் மேல்முனையை மட்டும் உலையில் சிவக்கக் காய்ச்சிச் சாம்பலில் புதைத்து வைத்தார். மறுநாள் வெண்ணெய் மாதிரி துளை விழுந்தது. மேலே 16 மில்லிமீட்டர் போல்ட், கீழே வேண்டுமென்றே 8 மில்லிமீட்டர் சாதா போல்ட். சீமைக்கருவேல் வேர் மாட்டினால் கீழ்ப்போல்ட் அறுந்து, கொத்து பின்னால் மடங்கிக்கொள்ளும். பட்டையும் பிழைக்கும், கலப்பையை இழுக்கிற வண்டியின் கீழ்க்கையும் பிழைக்கும். இதுவரை மூன்று போல்ட் அறுந்தது, வேறு சேதம் இல்லை. கொத்தின் நுனியில் மாட்டுகிற கொழு மட்டும் கடையில் வாங்கியது. இரண்டு முனை உள்ளது, மணலில் ஒரு பக்கம் தேய்ந்தால் திருப்பி மாட்டிக்கொள்ளலாம்.

போன வாரம் ஓட்டினேன். முன்வரிசை மேலோடு மிதந்து, பின்வரிசைதான் மண்ணைப் பிடித்தது. கலப்பையின் மேல்பக்கத்தை வண்டியோடு இணைக்கிற டாப் லிங்க்கைக் கொஞ்சம் சுருக்கினதும் சட்டம் மட்டத்துக்கு வந்து, ஐந்தும் ஒரே ஆழத்தில் நாலு அங்குலம் இறங்கின. மரத்திலிருந்து ஆறடிக்குள் போகவே இல்லை. தென்னையின் சாப்பாட்டு வேர் பெரும்பாலும் அங்கேதானே இருக்கிறது. இருபத்தைந்து அடி இடைவெளியில் நடுவில் நாலு ஓட்டு போதுமாக இருக்கிறது. ஐப்பசி மழைக்கு முன்னால் தோப்பு முழுக்க ஒருதரம் ஓட்டிவிட்டால், விழுகிற தண்ணீர் ஓடாமல் உள்ளே இறங்கும். நம் கிணற்றுத் தண்ணீர் உப்பாகாமல் இருப்பதே அந்த இறங்குகிற மழையால்தான்.

உப்புக்காற்றுக்கு ரெட் ஆக்சைடு இரண்டு பூச்சு கொடுத்தாயிற்று. ஒரே ஒரு இடத்தில்தான் எனக்கு மனசு ஆறவில்லை. டாப் லிங்க் மாட்டுகிற நிமிர்ந்த சட்டத்தின் அடியில் வெல்டிங் ஒரு பக்கம் சரியாக உருகி இறங்கவில்லை என்று படுகிறது. அதைத் தேய்த்து எடுத்துவிட்டுத் திரும்ப வெல்டிங் வைக்கலாமா, இல்லை மூலைக்கு ஒரு முக்கோணத் தகடு கொடுத்தால் போதுமா? தங்கச்சியிடம் கிட்டத்தில் வைத்து போட்டோ எடுத்து அனுப்பச் சொல்கிறேன். பார்த்துவிட்டு நீ சொல்கிறபடி செய்கிறேன். அதுவரை வண்டியை எடுக்க மாட்டேன்.

அன்புடன்,
அப்பா