பெரியவர்களின் ஆட்டிசப் பரிசோதனை: மனநலப் பிரிவு மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கோவை, ஈரோடு, திருப்பூர், நாமக்கல், கரூர் மாவட்ட அரசு மருத்துவமனைகளின் மனநல மருத்துவர்களுக்கும் உளவியலாளர்களுக்கும்,

வணக்கமுங்க.

"எனக்கு ஆட்டிசம் இருக்குமா" என்று முப்பது வயதுக்கு மேல் கேட்டு வருகிறவரை, கண்ணைப் பார்த்துப் பேசுகிறார், வேலைக்குப் போகிறார் என்பதற்காகத் திருப்பி அனுப்பாதீர்கள். புருவ நடுவில் பார்த்துப் பேசப் பழகியவர்கள் நிறையப் பேர். பழகிக்கொண்ட உத்திகள் அறிகுறிகளை மறைத்துவிடலாம் என்று 2013-இல் வந்த டிஎஸ்எம்-5 என்ற அமெரிக்க மனநல நோயறிதல் கையேடு சொல்கிறது.

அதனால் சிறுவயது விவரம்தான் முக்கியம். விசாரணை பெரும்பாலும் கோட்டை விடுவதும் அங்கேதான். "சின்ன வயசுல ஏதாச்சும் பிரச்சனை இருந்துச்சாம்மா?" என்றால், "ஒரு குறையுமில்லீங்க, தங்கமான பையன்" என்பார் அம்மா. பிள்ளையை விட்டுக்கொடுக்க யாருக்கு மனசு வரும்? நடந்ததைக் கேளுங்கள். தேர் நோம்பியில் கொட்டுச் சத்தம் கேட்டால் என்ன செய்வான்? புதுச் சட்டைக் கழுத்தில் இருக்கும் லேபிளை வெட்டச் சொன்னானா? பிள்ளைகளோடு சேர்ந்து விளையாடினானா, பக்கத்தில் உட்கார்ந்து தனியாகவா? பள்ளிக்குப் போகும் வழி மாறினால் அழுதானா? பெற்றோர் இல்லையென்றால் அமத்தாவையோ அத்தையையோ போனில் கேட்கலாம். பழைய ரேங்க் கார்டில் ஆசிரியர் எழுதிய குறிப்பும் உதவும். ஒருவருமே இல்லாதவருக்கும் பரிசோதனையை மறுக்காதீர்கள்.

மாற்றுத்திறன் சான்றிதழுக்காக ஆட்டிசத்தை அளக்க இந்தியாவில் பயன்படும் ஐஎஸ்ஏஏ அளவுகோலில் 40 கூறுகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 மதிப்பெண். 70-க்குக் கீழே வந்தால் ஆட்டிசம் இல்லை என்று கணக்கு. சொன்னதையே திருப்பிச் சொல்வது, ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வது என வெளியே தெரிவதற்கே அதில் இடம் அதிகம். சரளமாகப் பேசும் பெரியவர், குறிப்பாகப் பெண்கள், அதில் நழுவிவிடுவார்கள். மாற்றுத்திறன் சான்றிதழுக்கான விழுக்காடு வேறு, ஆட்டிசம் உண்டா என்ற மருத்துவ முடிவு வேறு. இரண்டையும் தனித்தனித் தாளில் எழுதித் தாருங்கள்.

ஏற்ற இறக்கமில்லாத பேச்சை மனச்சிதைவு என்று எடுத்துக்கொண்டு மாத்திரை எழுதுவதும் நடக்கிறது. "குரல் ஏதாச்சும் கேட்குதா?" என்றால், வெளியே டோக்கன் கூப்பிடும் குரலை நினைத்து "கேட்குதுங்க" என்பார். "யாருமே இல்லாதப்போ கேட்குதா?" என்று முழுசாகக் கேட்க வேண்டும். ஏடிஹெச்டி (கவனக்குறைவு, மிகை இயக்கக் குறைபாடு) இருப்பதாலேயே ஆட்டிசத்தை விலக்கிவிடவும் முடியாது. இரண்டும் சேர்ந்தே இருக்கலாம்.

ஓபி நெரிசலில் பத்து நிமிடத்தில் இது முடியாது. கூட்டம் குறைந்த பிறகு, இரண்டு தடவையாவது கூப்பிடுங்கள். கேள்விகளை முன்பே எழுத்தில் கொடுத்தால் யோசித்து வருவார். அறிக்கையில் ஆட்டிசம் என்ற பெயரை மட்டும் எழுதி நிறுத்தாமல், வேலையிடத்துக்கு வேண்டியதையும் எழுதுங்கள்: தறி ஓடும் இடத்தில் காதடைப்பான் போட அனுமதி, வாய்மொழி உத்தரவுக்குப் பதில் எழுதிய குறிப்பு, ஷிப்ட் மாறினால் முன்கூட்டியே தகவல்.

இப்படிக்கு,
ஆட்டிசமுள்ள பெரியவர்களும் குடும்பத்தாரும்